முப்பத்தாறு, பதினெட்டு, எட்டரை

இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் பயிலும் மாணவர்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் விதி ஒன்று உண்டு. ஓய்வில் உள்ள இரண்டு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையே செயற்படும் விசை, அம்மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் அமையும் என்பது அவ்விதி. ஒரு மின்னூட்டத்தை இரட்டித்தால் விசை இரட்டிக்கும். இரண்டையும் இரட்டித்தால் நான்கு மடங்காகும். தொலைவை இரட்டித்தால் விசை நான்கில் ஒன்றாகக் குறையும். மும்மடங்காக்கினால் ஒன்பதில் ஒன்றாகும். கூலூம் விதி என்னும் பெயருடன் ஒரே வாக்கியமாக இது மனப்பாடம் செய்யப்படுகிறது. அடுத்த பக்கத்தில் கணக்குகள் தொடங்கிவிடுகின்றன.

ஒரே வாக்கியமாக எழுதப்படுவதாலேயே, அதன் இரண்டு பாதிகளும் ஒரே அடித்தளத்தின்மீது நிற்பதாகத் தோன்றுகிறது. உண்மை அப்படியில்லை. தொலைவைப் பற்றிய பாதி, அளந்து பார்த்துப் பொய்யாக்கக்கூடிய ஒரு கூற்று. மின்னூட்டத்தைப் பற்றிய பாதியில் வேறொரு சிக்கல் உண்டு. தொலைவை அளக்க அளவுகோல் இருக்கிறது. மின்னூட்டத்தை அளக்க, விசையைத் தவிர வேறென்ன இருந்தது? விசையைக் கொண்டு மின்னூட்டத்தை அளந்துவிட்டு, விசை மின்னூட்டத்துக்கு நேர்த்தகவில் இருக்கிறது என்று கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியுமா? வகுப்பில் இக்கேள்வியை அரிதாகவே எவரும் கேட்கிறார்கள். கேட்டாலும், தேர்வுக்கு வராது என்னும் பதிலோடு அது அடங்கிவிடக்கூடும். ஆயினும் இக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், ஓர் அறிவியல் விதி எவற்றின்மீது நிற்கிறது என்பதும், ஓர் ஆய்வாளர் தாம் கண்டதற்கு எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிகின்றன.

சார்ல் ஒகுஸ்தென் தெ கூலூம் 1736இல் பிரான்சின் அங்குலேம் நகரில் பிறந்தவர். தொழிலால் இராணுவப் பொறியாளர். 1764 முதல் 1772 வரை கரீபியத் தீவான மார்த்தினிக்கில் கோட்டை கட்டும் பணியில் இருந்தார். அங்கே கண்ட காய்ச்சல்கள் அவருடைய உடல்நலத்தை நிரந்தரமாகக் குலைத்தன. மண் சுவர் எந்த அழுத்தத்தில் சரியும், தூண் எந்தச் சுமையில் முறியும், கயிறு எவ்வளவு உராயும் என்பவையே அவருடைய தொடக்ககாலக் கேள்விகள். மின்சாரத்தை நோக்கி அவர் வந்த வழியும் இப்படிப்பட்டதுதான். திசைகாட்டி ஊசியை உராய்வின்றித் தொங்கவிடுவது எப்படி என்னும் வினாவுக்கு பாரிஸ் அறிவியல் கழகம் அறிவித்த பரிசை 1777இல் அவர் பகிர்ந்துகொண்டார். ஊசியை நூலில் தொங்கவிட்டால், நூலின் முறுக்கம் அதனைத் திருப்பி இழுக்கும். அந்த இழுப்பின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் ஊசியை நம்ப முடியாது. ஆகவே முறுக்கத்தை ஆராயத் தொடங்கினார். உலோகக் கம்பியைத் திருகும்போது அது எதிர்க்கும் திருப்புவிசை, திருகிய கோணத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பதை 1784இல் வெளியிட்டார். கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து அது கூடும் என்பதும் அந்த ஆய்வில் உண்டு. கம்பி மெலிய மெலிய, மிக நுண்ணிய விசையையும் அது கோணமாக மாற்றிக் காட்டிவிடும்.

1785இல் அவர் கழகத்தின்முன் வைத்த முறுக்குத் தராசு இவ்வறிவிலிருந்து பிறந்தது. பன்னிரண்டு பிரெஞ்சு அங்குல விட்டமும் அதே உயரமும் கொண்ட கண்ணாடி உருளை; அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக் குழாய்; குழாயின் உச்சியிலிருந்து இருபத்தெட்டு அங்குல நீளத்துக்குத் தொங்கும் மெல்லிய வெள்ளிக் கம்பி. கம்பியின் கீழ்முனையில், மின்சாரம் கடத்தாதவாறு அரக்கு பூசிய ஒரு கிடைமட்டத் தண்டு. தண்டின் ஒரு முனையில் எல்டர் மரத்தின் நெட்டியால் செய்த சிற்றுருண்டை; மறுமுனையில் அதற்கு ஈடுகட்ட ஒரு காகிதத் தகடு. உருளையின் பக்கவாட்டில் 360 பாகைகள் குறித்த காகிதப் பட்டை. குழாயின் உச்சியில் கம்பியைத் திருகுவதற்கு ஒரு குமிழும், திருகிய அளவைக் காட்டும் ஒரு பாகைமானியும். இன்னோர் உருண்டை உருளைக்குள் அசையாமல் நிலைநிறுத்தப்பட்டிருந்தது.

தொடக்கத்தில் இரண்டு உருண்டைகளும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். அரக்குக் குச்சியில் செருகிய ஒரு குண்டூசியின் தலையில் மின்னூட்டம் ஏற்றி, உள்ளே விட்டு உருண்டைகளைத் தொடச் செய்தார். தொட்டுக்கொண்டிருந்த இரண்டும் மின்னூட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டு விலகின. 36 பாகையில் ஊசல் நின்றது. கம்பியின் முறுக்கமும் 36 பாகை. அடுத்து, குமிழை எதிர்த்திசையில் 126 பாகை திருகினார். உருண்டைகள் நெருங்கி 18 பாகையில் நின்றன. மொத்த முறுக்கம் 144 பாகை. மூன்றாவதாக, குமிழை 567 பாகைக்குத் திருகினார். உருண்டைகள் எட்டரை பாகையில் நின்றன. மொத்த முறுக்கம் 575½.

தொலைவு பாதியானபோது விசை 36இலிருந்து 144ஆக, அதாவது நான்கு மடங்காக உயர்ந்தது. மறுபடியும் ஏறத்தாழப் பாதியானபோது ஏறத்தாழ 576ஆக, முன்னதைப்போல் நான்கு மடங்காக உயர்ந்தது. விலக்குவிசைக்கான இருமடி எதிர்த்தகவு விதிக்கு அவர் அந்த ஆய்வுரையில் அச்சிட்ட அளவீடுகள் இவை மூன்றே.

மூன்றாவது அளவீட்டை உற்று நோக்க வேண்டும். விதி துல்லியமாகப் பொருந்தியிருந்தால் ஊசல் 9 பாகையில் நின்றிருக்க வேண்டும், நின்றது எட்டரையில். அரைப் பாகைதானே என்று கடந்துவிடலாம். ஆனால் எட்டரை பாகைத் தொலைவில் விதி எதிர்பார்க்கும் முறுக்கத்தைக் கணக்கிட்டால் 650 பாகை அளவுக்கு வருகிறது. அளந்தது அதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இக்குறைவுக்குக் காரணங்கள் உண்டு. ஈரக்காற்றின் வழியாகவும் தாங்கிகளின் வழியாகவும் மின்னூட்டம் கசிகிறது. அன்றைய நாளில் கசிவினால் உருண்டைகள் மூன்று நிமிடத்துக்கு ஒரு பாகை நெருங்கியதாகவும், மூன்று அளவீடுகளையும் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டதால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும் கூலூம் கருதினார். இன்னொன்று, உருண்டைகள் உண்மையான புள்ளிகள் அல்ல. மிக நெருங்கும்போது ஒன்றின் மின்னூட்டம் மற்றதைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுகிறது. மையங்களுக்கு இடையே உள்ள தொலைவைவிட மின்னூட்டங்களின் உண்மையான தொலைவு கூடிவிடுகிறது. இவ்விரண்டுமே விசையைக் குறைத்துக் காட்டும்.

குறைபாட்டுக்கு நாம் இன்று இத்தனை விளக்கம் சொல்ல முடிவதற்கு முதற்காரணம், அவர் எட்டரையை எட்டரை என்றே அச்சிட்டிருக்கிறார் என்பது. 9 என்று எழுதியிருந்தால் அட்டவணை மிக அழகாக இருந்திருக்கும்.  வரைபடத்தில் கோட்டை விட்டு விலகி நிற்கும் ஒரு புள்ளியை என்ன செய்வதென்று இரவெல்லாம் யோசித்திருக்கும் எந்த ஆய்வு மாணவருக்கும், இந்த அரைப் பாகையின் மதிப்பு விளங்கும்.

ஈர்ப்பு விசையை இதே தராசில் அளப்பது கடினம். ஒத்த மின்னூட்டங்கள் விலகி நிற்க, முறுக்கம் அவற்றை நெருக்கும். இரண்டும் ஓரிடத்தில் சமனடையும். எதிர் மின்னூட்டங்களோ நெருங்க நெருங்க இழுப்பு மிகுந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவுடன் மின்னூட்டம் கலந்து சோதனை கெட்டுவிடும். ஆகவே இரண்டாம் ஆய்வுரையில் வேறு வழியை எடுத்தார். ஓரடி விட்டமுள்ள செப்புக்கோளத்துக்கு எதிரே, ஒற்றைப் பட்டு இழையில் ஒரு சிறு ஊசியைத் தொங்கவிட்டு அலைவுறச் செய்தார். ஊசல் கடிகாரம் புவியீர்ப்புக்கு ஏற்ப ஆடுவதுபோல, இவ்வூசி மின்விசைக்கு ஏற்ப ஆடும். விசை இருமடி எதிர்த்தகவில் இருந்தால் அலைவுக்கு ஆகும் நேரம் தொலைவுக்கு நேர்த்தகவில் இருக்க வேண்டும். கோளத்தின் மையத்திலிருந்து 9, 18, 24 அங்குலத் தொலைவுகளில் பதினைந்து அலைவுகளுக்கு 20, 41, 60 நொடிகள் ஆயின. விதிப்படி மூன்றாவது எண் 54 அளவில் இருந்திருக்க வேண்டும். சோதனை நான்கு நிமிடம் நீடித்ததையும், நிமிடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு மின்னூட்டம் கசிந்ததையும் கணக்கிட்டு அதனை 57ஆகத் திருத்தினார். எஞ்சிய வேறுபாட்டையும் மறைக்கவில்லை.

இப்போது விதியின் மற்றப் பாதிக்கு வரலாம். விசை, மின்னூட்டங்களின் பெருக்கற்பலனைப் பொறுத்தது என்பதற்கு முதல் ஆய்வுரையில் தனிச்சோதனை எதுவும் இல்லை. மூன்று அளவீடுகளிலும் மின்னூட்டம் மாறாமலே இருந்தது. மாறியது தொலைவு மட்டுமே. அவர் பயன்படுத்திய சொல்லே அவருடைய எண்ணப்போக்கைக் காட்டிக்கொடுக்கிறது. மின்னூட்டத்தை அவர் ‘மின் நிறை’ என்று குறித்தார். நியூட்டனின் ஈர்ப்பு விதியில் இரண்டு நிறைகள் பெருக்கப்படுகின்றன. நிறை என்ற சொல்லை மின்சாரத்துக்குக் கடன் வாங்கும்போது, அந்தப் பெருக்கலும் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

சொற்கள் இவ்வாறு முன்கூட்டியே முடிவுகளைச் சுமந்து வருவது இயல்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மின்னூட்டம்’ என்கின்றன. இலங்கைத் தமிழில் ‘மின்னேற்றம்’ வழக்கு. ஊட்டுதல், ஏற்றுதல் இரண்டுமே ஒரு பொருளுக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்றைச் சேர்க்கும் செயலின் பெயர்கள். செயலைக் குறிக்கும் சொல், காலப்போக்கில் அளவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஊட்டியது எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்னும் கேள்வி அப்பெயருக்குள்ளேயே மறைந்துகிடக்கிறது.

அக்கேள்விக்கு விடை எளிமையானது, விசையை நம்பாதது. ஒரே அளவான இரண்டு கடத்தும் உருண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மின்னூட்டம் பெற்றது, மற்றது பெறாதது. இரண்டையும் தொடவிட்டுப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சரிபாதி இருக்கும். எவ்வளவு இருந்தது என்று தெரியாது. ஆனால் இப்போது அதில் பாதி இருக்கிறது என்பது உறுதி. இரண்டும் ஒத்தவை என்பதால் ஒன்று கூடுதலாகப் பெறுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. மறுபடி தொடவிட்டால் காற்பங்கு. மேலும் ஒருமுறை, அரைக்காற்பங்கு. எந்த அளவுகோலும் இன்றி, சமச்சீர்மையை மட்டும் கொண்டு மின்னூட்டத்தைப் பகுத்துவிடலாம். அவ்வாறு பகுத்தபின், அதே தொலைவில் முறுக்கமும் பாதியாகிறதா என்று பார்க்கலாம். பின்வந்த ஆய்வுரைகளில் கூலூம் இவ்வழியைக் கையாண்டார். செம்பாயினும் நெட்டியாயினும் ஒரே அளவான உருண்டைகள் சமமாகவே பங்கிட்டுக்கொள்கின்றன என்றும் கண்டார். ஆகவே மின்னூட்டத்தைப் பற்றிய பாதி வெறும் வரையறை அன்று. ஆயினும் அது நிற்கும் தளம் வேறு: பொருள்களின் ஒப்புமையையும், தொடும்போது மின்னூட்டம் அழிவதில்லை என்னும் நம்பிக்கையையும் முன்னிறுத்திப் பெற்ற முடிவு அது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இந்தப் பாதி இன்னும் உறுதியான நிலத்தை அடைந்தது. 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்னூட்டத்தின் அலகுக்குக் கூலூமின் பெயரை இட்டது. தலா ஒரு கூலூம் மின்னூட்டத்தை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் எழும் விசை 900 கோடி நியூட்டன், அதாவது சுமார் 9 இலட்சம் டன் எடைக்கு நிகர். நெட்டி உருண்டைகளோடு வாழ்ந்தவரின் பெயர் இவ்வளவு பெரிய அளவுக்குச் சூட்டப்பட்டது ஒரு வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனைகள், மின்னூட்டம் முடிவின்றிப் பகுபடுவதில்லை என்பதை உறுதிப்படுத்தின. அதற்கு ஓர் அடிப்படைச் சிற்றளவு உண்டு. எந்த மின்னூட்டமும் அதன் முழு மடங்கே. 2019 முதல் பன்னாட்டு அலகுமுறை அச்சிற்றளவையே மாறாத எண்ணாக நிலைநிறுத்தி, கூலூமை அதன் வழியாக வரையறுக்கிறது. பாதி பாதியாகப் பகுத்துத் தொடங்கிய அளவீடு, எண்ணிக்கையில் வந்து முடிந்திருக்கிறது.

தொலைவைப் பற்றிய பாதியின் வரலாறு இவ்வளவு நேராகச் செல்லவில்லை. மூன்று எண்களை வைத்துக்கொண்டு ஒரு விதியை நிறுவலாமா என்னும் ஐயம் பின்னாளில் எழுந்தது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் பேட்டர் ஹீரிங், கூலூமின் விவரிப்பின்படியே தராசைச் செய்து சோதனையைத் திரும்ப நடத்திப் பார்த்து, 1992இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கூலூமின் எண்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. தராசுக்கு அருகே நிற்கும் மனிதரின் உடலில் சேரும் மின்னூட்டமே ஊசலைக் கலைத்துவிட்டது. அந்த எண்கள் உண்மையிலேயே அவ்வாறு அளக்கப்பட்டவைதாமா என்னும் கேள்வி இதிலிருந்து பிறந்தது. பின்னர் 2006இல் அறிவியல் வரலாற்றாளர் ஆல்பர்ட்டோ மார்ட்டினெஸ் மறுபடி முயன்று, கூலூமின் எண்களுக்கு நெருக்கமான எண்களைப் பெற முடிந்தது என்று எழுதினார். கூலூமின் நேர்மை அதனால் காப்பாற்றப்பட்டது எனலாம். ஆனால் கைத்திறனையும் காற்றின் ஈரத்தையும் இவ்வளவு நம்பி நிற்கும் ஒரு சோதனையிலிருந்து, அடுக்கு சரியாக 2தான், 2.05 அன்று என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வந்தது? நியூட்டனின் விதி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது என்பது அதற்குரிய விடையின் ஒரு பகுதி.

அந்த 2க்கு உறுதியான சான்று வேறோர் இடத்தில், வேறொரு வகையில் முன்பே கிடைத்திருந்தது. மின்னூட்டம் பெற்ற உலோகக் கலத்துக்குள் முழுவதுமாகத் தொங்கும் நெட்டி உருண்டை, கலத்தின் சுவரால் ஈர்க்கப்படுவதில்லை என்பதை பெஞ்சமின் பிராங்க்ளின் கவனித்திருந்தார். அவர் தூண்ட, ஜோசப் பிரீஸ்ட்லி அதனைச் சோதித்துப் பார்த்து, 1767இல் வெளியிட்ட மின்சார வரலாற்று நூலில் ஒரு கேள்வியாக எழுதினார்: உள்ளீடற்ற கோளம் தன்னுள் இருக்கும் பொருளை எப்பக்கமும் ஈர்க்காது என்பது ஈர்ப்பு விதியின் விளைவு, அப்படியானால் மின்சாரமும் அதே விதிக்குட்பட்டதுதானோ?

இந்த அனுமானத்தின் உள்ளியக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. உள்ளீடற்ற கோளத்தின் பரப்பில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது எனக் கொள்வோம். உள்ளே ஏதேனும் ஒரு புள்ளியில் நின்று, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு மெல்லிய கூம்புகளை வரைந்தால், அவை பரப்பில் இரண்டு திட்டுகளை வெட்டும். தொலைவில் உள்ள திட்டு பெரியது. பரப்பளவு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே அதில் உள்ள மின்னூட்டமும் அதே விகிதத்தில் கூடும். விசை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையுமானால், கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இரு திட்டுகளின் விசைகளும் சமமாகி எதிர்த்து அழியும். எல்லாத் திசைகளிலும் இவ்வாறே. அடுக்கு இரண்டிலிருந்து இம்மியளவு பிசகினாலும் ஈடு நிகழாது. உள்ளே ஏதோ ஒரு விசை மிஞ்சும். ஆகவே இரண்டை உறுதிப்படுத்த விசையை அளக்க வேண்டியதில்லை. விசை இல்லை என்பதைப் பார்த்தால் போதும். சுழியைச் சோதிப்பது, 36ஐயும் 144ஐயும் ஒப்பிடுவதைவிட நூறு மடங்கு கூர்மையானது.

இதனை ஒரு முழுமையான சோதனையாக மாற்றியவர் ஹென்றி கேவண்டிஷ். பெருஞ்செல்வரான இந்தத் தனிமை விரும்பி, 1772இன் இறுதியில் இலண்டனில் ஒரு கருவியை அமைத்தார். 12.1 அங்குல விட்டமுள்ள உட்கோளம்; அதனைத் தொடாமல் சூழ்ந்து மூடும் இரண்டு அட்டை அரைக்கோளங்கள், உள்விட்டம் 13.3 அங்குலம், எல்லாவற்றின்மீதும் வெள்ளீயத் தகடு. உள்ளும் வெளியும் ஒரு சிறு கம்பியால் இணைக்கப்பட்டன. வெளிக்கோளத்துக்கு மின்னூட்டம் தந்தார், பட்டு நூலால் கம்பியை இழுத்து இணைப்பை அறுத்தார், அரைக்கோளங்களை அகற்றினார், உட்கோளத்தை நெட்டி உருண்டை மின்காட்டியால் தொட்டுப் பார்த்தார். உருண்டைகள் விலகவில்லை. அடுக்கு இரண்டிலிருந்து பிசகியிருந்தால் மின்னூட்டத்தின் ஒரு பங்கு கம்பி வழியே உள்ளே பாய்ந்திருக்கும்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பது ‘ஒன்றும் இல்லை’ என்பதற்குச் சமமாகாது. தம் மின்காட்டி எவ்வளவு சிறிய மின்னூட்டத்தைக் காட்ட வல்லது என்பதையும் தனியே சோதித்தார். உட்கோளத்தில் மொத்தத்தின் அறுபதில் ஒரு பங்கு இருந்திருந்தாலும் தமக்குத் தெரிந்திருக்கும் என்று நிறுவினார். அதிலிருந்து கணக்கிட்டு, அடுக்கு இரண்டிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட முடியாது என்னும் முடிவை எட்டினார். கூலூமின் தராசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதனைவிடக் கூர்மையாக, தன் பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொல்லும் ஒரு முடிவு இது.

அதனை அவர் வெளியிடவில்லை. 1771இல் அரசக் கழகத்தில் வாசித்த கட்டுரையில் அடுக்கின் மதிப்பைத் திறந்தே விட்டிருந்தார். விடை கிடைத்தபின் அதனைத் தாள்களில் எழுதிக் கட்டி வைத்துவிட்டார். அவர் 1810இல் இறந்தபோது அக்கட்டுகள் அப்படியே இருந்தன. 1785இல் கூலூமுக்கு இவற்றில் ஒன்றையும் அறியும் வழி இருக்கவில்லை. எடின்பரோவின் ஜான் ராபிசனும் 1769இல் விலக்குவிசைக்கு 2.06 என்னும் அடுக்கைக் கண்டிருந்தார். அதுவும் பல ஆண்டுகள் கழித்தே அச்சேறியது. ஒரே உண்மையை மூவர் மூன்று இடங்களில் தனித்தனியே தேட நேர்ந்தது. சோதனை செய்யும் உழைப்பு இருமுறை, மும்முறை வீணானது என்பதுகூடப் பெரிதில்லை. கேவண்டிஷின் தாள்களில் மின்தேக்குத்திறன் பற்றியும், பின்னாளில் ஓமின் பெயரால் வழங்கப்பட்ட விதியைப் பற்றியும் குறிப்புகள் இருந்தன. அவற்றைக் கற்று மேலே செல்லக்கூடிய இரண்டு தலைமுறைகள் அவை இன்றியே வேலை செய்தன.

1849இல் வில்லியம் தாம்சன் அத்தாள்களில் சிலவற்றைப் பார்த்து வியந்தார். அதன்பின்னும் கால் நூற்றாண்டு கழிந்தது. 1874இல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகம் திறக்கப்பட்டபோது, அதன் முதல் பேராசிரியரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லிடம் கட்டுகள் வந்து சேர்ந்தன. மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த மேக்ஸ்வெல், தம் வாழ்வின் இறுதி ஐந்தாண்டுகளின் பெரும்பகுதியை, நூறாண்டுக்கு முந்தைய வேறொருவரின் குறிப்புகளைப் படியெடுத்து, சரிபார்த்து, விளக்கவுரை எழுதுவதில் செலவிட்டார். கோளச் சோதனையை டொனால்டு மக்காலிஸ்டரைக் கொண்டு புதிய கருவியுடன் திரும்ப நடத்தினார். விலகல் 21,600இல் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. நூல் 1879 அக்டோபரில் வெளிவந்தது. நவம்பர் 5 அன்று மேக்ஸ்வெல் மறைந்தார். அவருக்கு வயது 48.

கேவண்டிஷ் காட்டிய வழியே பின்வந்தோர் அனைவரும் பின்பற்றிய வழி. 1936இல் பிளிம்ப்டனும் லாட்டனும், விலகல் ஏதும் இருந்தால் அது தசமப் புள்ளிக்குப் பின் ஒன்பதாம் இடத்தில்தான் இருக்க முடியும் என்று காட்டினர். 1971இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் மூவரும் அந்த எல்லையைப் பதினாறாம் இடத்துக்குத் தள்ளினர். கூட்டுக்குள் கூடு, உள்ளே எதுவும் இல்லை என்பதைப் பார்க்கும் அதே ஏற்பாடுதான். கருவி மட்டும் கூர்மையடைந்தது. இன்று இச்சோதனைக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒளித்துகளுக்கு மிகச் சிறிதேனும் ஓய்வு நிறை இருந்தால் அடுக்கு சரியாக இரண்டாக இருக்காது. ஆகவே கோளத்தின் உள்வெறுமையை அளப்பவர், ஒளித்துகளின் நிறைக்கும் ஒரு மேல்வரம்பை இடுகிறார்.

விதிக்குக் கூலூமின் பெயர் இருப்பது நியாயமா என்று கேட்கப்படுவதுண்டு. பெயர் இருக்கட்டும். அவர் தம் கருவியை அடுத்தவர் செய்துபார்க்கும் அளவுக்கு விவரித்தார், அளவுகளைச் சொன்னார், பொருந்தாத எண்ணையும் அச்சிட்டார். இருநூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் ஐயுற்றதும், மற்றொருவர் அந்த ஐயத்தைச் சோதித்ததும் அதனால்தான் சாத்தியமாயின. கேவண்டிஷின் சோதனை சிறந்தது. ஆனால் நூறாண்டுக் காலம் அதனை ஐயுறும் வாய்ப்புக்கூட எவருக்கும் கிடைக்கவில்லை. இன்னும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பலாம் என்று ஆய்வேட்டின் ஓர் இயலை ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் வைத்திருப்பவர்களும், அழகாக வரவில்லை என்பதற்காக ஓர் எண்ணை அட்டவணையிலிருந்து நீக்க நினைப்பவர்களும் நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர் எவரேனும் இவ்விதியைக் கற்பிக்கும் நாளில், வாய்பாட்டை எழுதுவதற்கு முன் கரும்பலகையில் ஆறு எண்களை எழுதிப் பார்க்கலாம்: ஒரு வரிசையில் 36, 18, 8½, அதன் கீழே 36, 144, 575½. இவற்றிலிருந்து என்ன தெரிகிறது என்று மாணவர்களைக் கேட்கலாம். பெரும்பாலோர் நான்கு மடங்கைக் கண்டுபிடிப்பார்கள். எட்டரை ஏன் ஒன்பதாக இல்லை என்று யாராவது ஒருவர் கேட்டால், அன்றைய பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.